ஜீரோ வாட்ஸ் பல்பும் குன்னூரின் ஈரமும்

கடந்த டிசம்பரில் ஒரு நாள் காலை ஃப்ரீசரைத் திறந்தபோது, கல்லாக இருக்க வேண்டிய பச்சைப் பட்டாணிப் பொட்டலம் நனைந்த துணிபோலத் தொய்ந்து கிடந்தது. கீழ்ப்பகுதியில் இருந்த பாலுக்கும் தயிருக்கும் எந்தக் குறையும் இல்லை. கீழேயிருந்து மெக்கானிக் ஒருவர் வந்தார்; குன்னூரில் ‘கீழே’ என்றால் மேட்டுப்பாளையமும் அதற்கு அப்பால் உள்ள உலகம் முழுவதும். முதல் வருகையில் கேஸ் நிரப்பினார், இரண்டாம் வருகையில் தெர்மோஸ்டாட்டை மாற்றினார், மூன்றாம் வருகையில் கம்ப்ரசரே களைத்துவிட்டது என்று சொல்லிப் புதிய ஃப்ரிட்ஜ் வாங்குமாறு அறிவுரை கூறி, மூன்று வருகைக்கும் தனித்தனியாகப் பணம் பெற்றுக்கொண்டு மலையிறங்கினார். பட்டாணி மட்டும் உறையவில்லை.

அந்த வாரத்தில் வேறொரு வேலையாக வீட்டுக்கு வந்த எலக்ட்ரீஷியன், பல ஆண்டுகளுக்கு முன் பத்தாம் வகுப்பில் என்னிடம் இயற்பியல் படித்த மாணவர். அவர் ஃப்ரிட்ஜைத் திறக்கவே இல்லை. அதன் பின்புறத் தகட்டைச் சற்று நேரம் படித்துவிட்டு, சமையலறைச் சுவரில் தொங்கிய வெப்பமானியைப் பார்த்தார். “டீச்சர், கோளாறு பெட்டியில இல்ல, ரூம்லதான் இருக்கு” என்றார். முப்பத்தோரு ஆண்டுகள் வெப்பவியல் நடத்திய எனக்கு அந்த ஒரு வாக்கியத்தில் வெட்கமும் வெளிச்சமும் சேர்ந்தே வந்தன.

நம் நாட்டில் விற்கப்படும் ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலானவை வெப்பமண்டல வகுப்பைச் சேர்ந்தவை. தகட்டில் ‘டி’ (T) என்ற ஆங்கில எழுத்தால் குறிக்கப்படும் அந்த வகுப்பு, சுற்றியுள்ள அறை 16 முதல் 43 டிகிரி வரை இருக்கும் என்ற கணக்கில் வடிவமைக்கப்படுகிறது. எங்கள் சமையலறை அன்று 12 டிகிரியில் இருந்தது. எங்களுடையதைப் போன்ற எளிய மாடல்களில் ஒரே ஒரு தெர்மோஸ்டாட்தான் உண்டு. அது கீழ்ப்பகுதியின் வெப்பநிலையை மட்டும் பார்த்து, அங்கே சூடு ஏறினால் கம்ப்ரசரை ஓட்டும். சென்னையில் அறை 32 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 4 டிகிரியில் உள்ள கீழ்ப்பகுதிக்கும் அறைக்கும் 28 டிகிரி வேறுபாடு, மைனஸ் 18-இல் உள்ள ஃப்ரீசருக்கும் அறைக்கும் 50 டிகிரி வேறுபாடு. எங்கள் சமையலறையிலோ முதல் வேறுபாடு 8, இரண்டாவது 30. அதாவது கீழ்ப்பகுதிக்குள் கசியும் சூடு ஏழில் இரண்டு பங்காகக் குறைந்துவிடுகிறது; ஃப்ரீசருக்குள் கசியும் சூடு ஐந்தில் மூன்று பங்காகவே குறைகிறது. கீழே குளிர்ச்சி போதும் என்று தெர்மோஸ்டாட் நிம்மதியாக உறங்குகிறது. மேலே பட்டாணி உருகுகிறது.

குளிர்நாடுகளில் விற்கப்படும் சில மாடல்களில் இதற்கென்றே ‘குளிர்காலச் சுவிட்ச்’ ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் கீழ்ப்பகுதியில் சிறிய சூடேற்றி ஒன்று இயங்கி, தெர்மோஸ்டாட்டை எழுப்பிக் கம்ப்ரசரை ஓடச் செய்யும். என்னிடம் அந்தச் சுவிட்ச் இல்லாததால், இரவு படுக்கப் போகும் முன் ஒரு லிட்டர் எவர்சில்வர் பாட்டிலில் சுமார் 40 டிகிரி வெதுவெதுப்பான நீரை நிரப்பிக் கீழ்த்தட்டில் வைக்கத் தொடங்கினேன். அந்த நீர் 4 டிகிரிக்கு ஆறுவதற்குள் ஏறத்தாழ 150 கிலோஜூல் வெப்பத்தை உள்ளே விடுகிறது. பத்து மணி நேரத்துக்குப் பகிர்ந்தால் 4 வாட் சூடேற்றிக்குச் சமம். சூடான பொருளை ஃப்ரிட்ஜில் வைக்காதே என்று எல்லாக் கையேடுகளும் சொல்கின்றன, குளிர்காலத்தில் தெர்மோஸ்டாட் திருகைக் குறைத்து வை என்றும் பொதுவாகச் சொல்வார்கள். நான் இரண்டையும் மீறினேன்: வெந்நீர் வைத்தேன், திருகைக் கூட்டி வைத்தேன். மூன்றாம் நாள் பட்டாணி மீண்டும் கல்லானது. இந்த டிசம்பரிலும் அந்த பாட்டில் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

இந்த அனுபவத்துக்குப் பிறகு வீட்டில் உள்ள ஒவ்வொரு கருவியையும் வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன். இந்த மலையை அறிந்து செய்யப்பட்ட இயந்திரங்கள் நீலகிரியில் இல்லாமல் இல்லை. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பன்னிரண்டடிக்கு ஓரடி ஏறும் தண்டவாளத்தின் நடுவே பற்சட்டம் பதித்து, எஞ்சினின் பற்சக்கரம் அதைப் பிடித்து ஏறுமாறு செய்த மலை ரயில் 1899-இலிருந்து ஓடுகிறது. ஊட்டிக்கு அருகே முத்தொரையில் 530 மீட்டர் நீளமுள்ள வானொலித் தொலைநோக்கியைக் கோவிந்த் ஸ்வரூப் தலைமையிலான குழு 1970-இல் அமைத்தபோது, அந்த இடத்தின் அட்சரேகையாகிய ஏறத்தாழ 11 டிகிரிக்கு ஒத்த சரிவுள்ள மலைமுகத்தையே தேடிப் பிடித்து அதன்மீது கிடத்தினார்கள். அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் சுழலச்சுக்கு இணையாகி, ஒரே அச்சில் மெல்லத் திருப்பினாலே ஒரு வான்பொருளை மணிக்கணக்கில் பின்தொடர முடிகிறது. மலைச்சரிவை இடையூறாகக் கருதாமல் கருவியின் ஒரு பாகமாகவே ஆக்கிக்கொண்ட அந்தப் புத்திசாலித்தனத்தை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். ஆனால் வீட்டுக்குள் நாம் வாங்கி வைக்கும் சாமான்கள் எல்லாம் சென்னையையும் கோவையையும் மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. அவற்றைச் செய்தவர்களுக்கு இருந்த ஒரே பயம் சூடு. எங்கள் பயமோ ஈரம்.

இங்கே ஈரம் என்பது மழையில் நனைவது மட்டுமன்று. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபரிலிருந்து, ஜன்னலைச் சாத்தினாலும் மேகம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். கல்சுவரில் ஓதம் ஏறும். அப்பளம் பொரித்த பத்தாவது நிமிடத்தில் நமுத்துப் போகும். தீப்பெட்டியின் பக்கம் மாவாகக் கரையும். தோல் செருப்பில் பச்சையாகப் பூசணம் பூக்கும். இவற்றையெல்லாம் பழகிக்கொள்ளலாம். பழகிக்கொள்ள முடியாமல் போனது என் மாமனாரின் கேமரா.

மாமனார் ஊட்டியில் இருந்த ஃபிலிம் தொழிற்சாலையில், ‘இந்து’ என்ற பெயரில் ஃபிலிம் சுருள்கள் தயாராகிய அந்தக் காலத்தில், வேலை பார்த்தவர். ஃபிலிமுக்கும் லென்ஸுக்கும் ஈரம் என்ன செய்யும் என்பதைத் தொழிலாகவே அறிந்தவராதலால், தம்முடைய கேமராவை மரபீரோவின் மேல்தட்டில் வைத்து, அடித்தட்டில் ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பை இரவும் பகலும் எரியவிட்டிருந்தார். அது ஏதோ பழைய காலத்துப் பழக்கம் என்றே நாங்கள் நினைத்திருந்தோம். அவர் மறைந்த பின் ஒரு நாள் பல்பு ஃப்யூஸ் போனது. மின்சாரம் மிச்சமாகட்டும் என்று நானே கடைக்குப் போய் எல்.இ.டி. ஜீரோ வாட்ஸ் பல்பு வாங்கிவந்து மாட்டினேன். அடுத்த இரண்டு மழைக்காலங்கள் கழித்துக் கேமராவை எடுத்துப் பார்த்தபோது, லென்ஸின் உட்பக்கத்தில் சிலந்தி வலைபோலப் பூஞ்சை நூல்கள் மிக நேர்த்தியாகப் படர்ந்திருந்தன. பழுதுபார்ப்பவர் அதைக் கழற்றித் துடைத்துக் கொடுத்தார்; ஆனால் பூஞ்சை வெளியிடும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்த தடம் போகவில்லை. மிச்சம் பிடித்த மின்சாரத்துக்கு நாங்கள் கொடுத்த விலை அது.

ஜீரோ வாட்ஸ் பல்பு பெயரில்தான் பூஜ்யம். பழைய இழை பல்பு உண்மையில் 12 முதல் 15 வாட் வரை எடுத்துக்கொண்டு, அதில் மிகப் பெரும் பகுதியை வெப்பமாகவே வெளிவிடும். வெளிச்சத்தைப் பொறுத்தவரை அது வீண்; பீரோவைப் பொறுத்தவரை அந்த வீண்தான் வேலை. அதன் இடத்தில் வந்த எல்.இ.டி. பல்பு ஒரு வாட்டுக்கும் குறைவாக எடுத்து, அழகாக ஒளிர்ந்து, பீரோவைச் சில்லென்று விட்டுவிட்டது.

கணக்கு இதுதான். 15 டிகிரியில் உள்ள ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 12.8 கிராம் நீராவியைத் தாங்கும். மழைநாளில் ஈரப்பதம் 95 சதவீதம் என்றால் அதில் 12.2 கிராம் இருக்கிறது. அதே காற்றைப் பீரோவுக்குள் 22 டிகிரிக்குச் சூடாக்கினால், அதன் கொள்ளளவு 19.4 கிராமாக உயர்கிறது. உள்ளே இருக்கும் நீராவியோ அதே 12.2 கிராம்தான். ஆக ஈரப்பதம் 63 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. ஒரு சொட்டு நீரைக்கூட வெளியேற்றாமல், ஏழு டிகிரி சூட்டை மட்டும் கொடுத்து, பூஞ்சை செழிக்கும் எல்லைக்குக் கீழே காற்றைக் கொண்டுவந்துவிட முடிகிறது. பூஞ்சைக்குப் பொதுவாக 65, 70 சதவீதத்துக்கு மேல் வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், அந்த ஏழு டிகிரி எவ்வளவு பெரியது என்பது புரியும்.

செய்ய விரும்புவோருக்குச் சில நடைமுறைச் செய்திகள். பல்பு அடித்தட்டில் இருக்க வேண்டும். சூடான காற்று மேலே ஏறிப் போவதற்கு வசதியாகப் பீரோவின் அடியிலும் தலைப்பகுதியிலும் விரல் நுழையும் அளவுக்கு இரண்டிரண்டு துளைகள் போட வேண்டும். பீங்கான் ஹோல்டர்தான் பயன்படுத்த வேண்டும். துணியோ தாளோ பல்பிலிருந்து குறைந்தது அரையடி தள்ளியிருக்க வேண்டும். சேலை முந்தானை தவறி விழுந்தாலும் பல்பைத் தொடாதபடி கம்பி வலைக் கூண்டு ஒன்று சுற்றிலும் அவசியம். கசிவு மின்னோட்டத்தைக் கண்டு துண்டிக்கும் பிரேக்கர் இல்லாத பழைய வயரிங் வீடுகளில் முதலில் அதைப் பொருத்திவிட்டுத்தான் இந்த வேலையில் இறங்க வேண்டும். 15 வாட் பல்பு இடைவிடாமல் எரிந்தால் மாதத்துக்கு ஏறத்தாழ 11 யூனிட். இரண்டு மாதத்துக்கு 22. வீட்டு இணைப்புக்கு இரு மாதங்களுக்கு முதல் 100 யூனிட் இலவசமாகக் கிடைக்கும் நம் மாநிலத்தில் சிறு குடும்பங்களுக்கு இது பெரிய சுமை ஆகாது. ஏற்கெனவே ஹீட்டரும் கீசரும் ஓடும் வீடுகளில் பில்லில் தெரியத்தான் செய்யும்.

ஈரப்பதம் உண்மையில் இறங்கியதா என்பதை அளந்து பார்க்காமல் நம்பக் கூடாது. அதற்கு நான் இணையத்தில் வாங்கிய சிறிய டிஜிட்டல் ஈரப்பதமானி ஆரம்பத்திலிருந்தே பொய் சொல்லிக்கொண்டிருந்தது என்பதை உப்புதான் காட்டிக் கொடுத்தது. ஒரு பாட்டில் மூடியில் சாதாரணச் சமையல் உப்பை எடுத்து, அது கரைந்து ஓடாமல் ஈரமணல் பதத்துக்கு வருமளவு சில சொட்டு நீர் விட்டு, அந்த மூடியையும் ஈரப்பதமானியையும் இறுக்கமான மூடியுள்ள கண்ணாடி ஜாடியில் ஒன்றாக வைத்து, வெயிலோ அடுப்புச் சூடோ படாத இடத்தில் ஓர் இரவு விட்டுவிட வேண்டும். நிறைவுற்ற உப்புக் கரைசலுக்கு மேலே உள்ள காற்று 75 சதவீத ஈரப்பதத்தில் வந்து நின்றுவிடும்; நம் அறை வெப்பநிலைகளில் அந்த எண் அசைவதே இல்லை எனலாம். என் கருவி காலையில் 68 காட்டியது. அன்றிலிருந்து அது எதைக் காட்டினாலும் மனத்துக்குள் ஏழைக் கூட்டிப் படிக்கிறேன். நாற்பது மாணவர்களுக்கு முன்னால் ஆய்வகத்தில் செய்துகாட்டியிருக்க வேண்டிய இந்தச் சோதனையை ஓய்வு பெற்ற பிறகுதான் செய்தேன் என்பது எனக்கு ஒரு சின்ன உறுத்தல்.

சிலிக்கா ஜெல்லைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அது நல்ல பொருள்தான், ஆனால் மூடிய இடத்துக்கு மட்டும். அடிக்கடி திறக்கும் பீரோவில் போட்டால் இரண்டே நாளில் குடித்து முடித்துவிட்டுச் சும்மா கிடக்கும். இப்போது லென்ஸுகளை ரப்பர் வளையம் உள்ள கண்ணாடி ஜாடிகளில் வைத்து, ஒவ்வொன்றிலும் மெல்லிய துணிமுடிச்சில் 100 கிராம் மணிகளைப் போட்டிருக்கிறேன். நெகிழிப் பைகளுக்குத் தடையுள்ள மாவட்டத்தில் வாழ்வதால் கைக்கு வந்த வழி அது; பார்க்க ஊறுகாய் அலமாரிபோல இருக்கிறது. மணிகள் நிறம் மாறுவதைக் காட்டிலும் எடையை நம்புவது நல்லது. முடிச்சைச் சமையலறைத் தராசில் வைத்து, 100 கிராம் 120-ஐத் தாண்டினால் எடுத்து வறுத்துவிடுகிறேன். சமையலுக்குப் பயன்படுத்தாத பழைய தோசைக்கல்லில், மிதமான தீயில், 120 டிகிரிக்கு மேல் போகாமல் வறுக்க வேண்டும். தீ கூடினால் மணிகள் வெடித்துத் தெறிக்கும். நீல நிறத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் வகையில் கோபால்ட் குளோரைடு என்ற நச்சு உப்பு இருப்பதால் அதைச் சமையலறைக்குள்ளேயே விடாமல், ஆரஞ்சிலிருந்து பச்சையாக மாறும் வகையை வாங்குவது மேல். கடைகளில் டப்பாவாகத் தொங்கும் கால்சியம் குளோரைடு வகை, ஈரத்தைக் குடித்துக் கீழே உப்புநீராகச் சொட்டும். அது துணி அலமாரிக்குச் சரி, மின்னணுச் சாதனங்களுக்கு அருகே கவிழ்ந்தால் செம்புத் தடங்களை அரித்துவிடும்.

நனைந்த மொபைலை அரிசி டிரம்மில் புதைக்கும் வழக்கம் எங்கள் தெருவிலும் உண்டு. குன்னூரில் அரிசியே ஈரமாகத்தான் இருக்கிறது; அது வேறு எதன் ஈரத்தை வாங்கப் போகிறது? கூடுதலாக அரிசித் தவிடு சார்ஜிங் துளைக்குள் போய் அடைத்துக்கொள்ளும். உடனே அணைத்து, துளை கீழ்நோக்கி இருக்கும்படி தட்டி நீரை வடித்து, அந்த வெதுவெதுப்பான பீரோவுக்குள் இரண்டு நாள் வைத்து, அதுவரை சார்ஜர் பக்கமே போகாமல் இருந்தால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம்.

ஈரநீக்கி இயந்திரம் வாங்கலாமே என்று பிள்ளைகள் சொன்னார்கள். அதிலும் கீழ்நாட்டுக் கணக்கு ஒன்று ஒளிந்திருக்கிறது. பரவலாகக் கிடைக்கும் கம்ப்ரசர் வகை, குளிர்ந்த சுருள்மீது நீராவியைப் படியச் செய்து வடிப்பது. அறை 15 டிகிரிக்குக் கீழே போனால் சுருளில் நீருக்குப் பதிலாகப் பனிக்கட்டி படிந்து, பாதி நேரம் அதை உருக்குவதிலேயே கழிகிறது. குளிரிலும் வேலை செய்வது, ஈரத்தை உறிஞ்சும் உருளை கொண்ட மற்றொரு வகை. விலையும் மின்செலவும் அதிகம். நாங்கள் இன்னும் வாங்கவில்லை.

இன்வெர்ட்டர் தனிக்கதை. காற்றடித்தால், இங்கே கற்பூர மரம் என்று அழைக்கப்படும் யூகலிப்டஸோ சீகை மரமோ ஏதோ ஒன்று மின்கம்பியின்மேல் சாய்ந்து, அதை அறுத்து எடுக்கும் வரை ஊர் இருட்டாகக் கிடக்கும் என்பதால், இங்கே இன்வெர்ட்டர் இல்லாத வீடு குறைவு. ‘குளிர்ச்சியான இடத்தில் வைக்கவும்’ என்ற அறிவுரையை நம்பி, வடக்குப் பார்த்த வராந்தாவில் வெறும் சிமென்ட் தரையில் பேட்டரியை வைத்திருந்தோம். ஈய அமில பேட்டரியின் கொள்ளளவு 27 டிகிரியில் அளந்து எழுதப்படுவது. ஒவ்வொரு டிகிரி குறைவதற்கும் ஏறத்தாழ ஒரு சதவீதம் கைவிட்டுப் போகும். 12 டிகிரி வராந்தாவில் 150 ஆம்பியர் மணி பேட்டரி, 130-க்குச் சற்றுக் கீழேதான். அது போகட்டும், குளிர் நீங்கினால் திரும்பி வரும். திரும்பி வராத சேதம் சார்ஜிங்கில் நடக்கிறது. குளிர்ந்த பேட்டரியை முழுமையாக நிரப்பக் கூடுதல் மின்னழுத்தம் தேவை. பேட்டரிக்குள் இருக்கும் ஒரு செல்லுக்கு ஒரு டிகிரிக்குச் சுமார் 3 மில்லிவோல்ட் என்றால், ஆறு செல்கள் கொண்ட பேட்டரிக்கு 15 டிகிரி வேறுபாட்டில் கால் வோல்ட்டுக்கு மேல் வருகிறது. வெப்பநிலை உணரி இல்லாத இன்வெர்ட்டருக்கு இது தெரியாது. அது தனக்குத் தெரிந்த அழுத்தம் வந்ததும் பச்சை விளக்கைக் காட்டி ஓய்ந்துவிடும்; தினந்தோறும் அரைவயிற்றில் நிற்கும் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். எங்கள் முதல் பேட்டரி உத்தரவாதக் காலம் முடிந்த கையோடு செத்துப்போனது.

இதில், பேட்டரி அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரும் ஏமாற்றும். முழு சார்ஜில் 1.240 காட்ட வேண்டிய அமிலம், குளிரில் அடர்ந்து உண்மைக்கு மேல் காட்டும். ஒரு டிகிரிக்கு 0.0007 வீதம் கழிக்க வேண்டும். 12 டிகிரியில் 1.240 என்று பார்த்து மகிழ்ந்தால், உண்மை 1.230-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. இப்போதைய பேட்டரியை வராந்தாவிலிருந்து எடுத்து, சமையலறை அடுப்புக்குப் பின்சுவரை ஒட்டிய, காற்றோட்டமுள்ள நடைபாதையில் மரப்பலகைமேல் வைத்திருக்கிறோம். பக்கங்களில் மட்டும் தெர்மோகோல் அட்டை சுற்றியிருக்கிறது. மேற்புறத்தை மூடக் கூடாது, ஏனெனில் சார்ஜ் ஆகும்போது வெளிவரும் ஹைட்ரஜன் தேங்கினால் ஒரு பொறி போதும். இன்வெர்ட்டரின் பின்னால் பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்கும் சிறிய சுவிட்ச் தவறான வகையில் இருந்ததையும் என் மாணவர்தான் கண்டுபிடித்தார். அந்த ஒரு தள்ளலில் சார்ஜிங் அழுத்தம் கொஞ்சம் உயர்ந்தது. முனைகளில் வாஸ்லின் தடவுவது பழைய பழக்கம். தேங்காயெண்ணெய் தடவுவோரும் உண்டு, அவர்களுக்கு ஒரு சொல் சொல்ல வேண்டும்.

தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். கீழே இது தலைவாரும்போது மட்டும் நினைவுக்கு வரும் செய்தி. இங்கே இது பூட்டுத் திறக்கும் செய்தி. திருப்பூரிலிருந்து எங்கள் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த குடும்பம், கேட் பூட்டு இறுகுகிறது என்று தேங்காயெண்ணெய் விட்டு, ஜனவரி காலையில் வெள்ளை மெழுகு அடைத்த துளைக்குள் சாவியைத் திணித்து உடைத்துவிட்டது. தையல் மெஷின் எண்ணெய் உறையாது. பூட்டுக்கு அதைக்காட்டிலும் பென்சில் கரித்தூள் நல்லது.

ஜனவரியில் வேறொன்றும் நடக்கும். விரல்நுனித் தோல் வறண்டு வெடித்து, மொபைல் என்னை அடையாளம் காண மறுக்கும். கோடையில் பதிந்த ரேகையும் குளிரில் வெடித்த ரேகையும் அதற்கு இரண்டு வேறு மனிதர்கள். ஒரே கட்டைவிரலை இரண்டு விரல்களாகப் பாவித்து, ஜனவரியில் இன்னொரு முறை பதிந்து வைத்தால் போதும். கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு இந்தத் தொல்லை ஆண்டு முழுவதும் உண்டு. அவர்களுள் சிலருக்கு நான் செய்துகொடுத்த உதவி, அதிகம் தேயாத இடக்கைச் சுண்டுவிரலையும் மோதிர விரலையும் மொபைலில் பதிந்து கொடுத்ததுதான். கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டு திரையைத் தொட வேண்டுமானால், பழைய வயரிலிருந்து மெல்லிய செம்பு இழை ஒன்றை உருவி, உள்ளே தோலிலும் வெளியே திரையிலும் படுமாறு ஆட்காட்டி விரல் நுனியில் நாலு தையல் போட வேண்டும். கூர்முனை வெளியே நீட்டாமல் மடக்கிவிடாவிட்டால் திரை கீறும்.

இழை பல்புக்கு வருகிறேன். அது இப்போது அருகிவருகிறது. குன்னூரின் பெட்ஃபோர்டு பக்கக் கடைகளில் கேட்டால் எல்.இ.டி.யைத்தான் நீட்டுகிறார்கள், இழை பல்பு வேண்டும் என்றால், எதற்கு, கோழிக்குஞ்சுக்கா என்கிறார்கள். அந்த பல்புக்குப் பதிலாக என் மாணவர் 12 வோல்ட் அடாப்டர் ஒன்றில் 22 ஓம் சிமென்ட் ரெசிஸ்டரை இணைத்து அலுமினியத் தகட்டில் திருகிக் கொடுத்தார். ஆறரை வாட் வெப்பம். 20 வாட் தாங்கும் ரெசிஸ்டர் என்பதால் அது தன் சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் உழைக்கிறது. 12 வோல்ட் என்பதால் கைபட்டாலும் அதிர்ச்சி இல்லை. புத்தக அலமாரிக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது.

கேமரா பீரோவுக்கு அதைவிட எளிய வழி ஒன்று கிடைத்தது. இணைய இணைப்புக்கான மோடம் எப்போதும் எரிந்துகொண்டிருப்பது. அதுவும் அதன் அடாப்டரும் சேர்ந்து எட்டு வாட் அளவுக்குச் சூட்டை யாருக்கும் பயனின்றி ஹாலில் விட்டுக்கொண்டிருந்தன. இரண்டையும் பீரோவின் அடித்தட்டுக்கு மாற்றி, ஃபைபர் கம்பியைப் பின்புறத் துளை வழியாக நுழைத்தோம். மரமாதலால் வைஃபை வெளியே வருகிறது. ஏழைக் கூட்டிப் படித்த பிறகும் ஈரப்பதமானி இந்த வாரம் 64 காட்டுகிறது. குறை ஒன்றுதான்: மோடம் தரையோடு தரையாக இறங்கிவிட்டதால், இரண்டு கல்சுவர்களைத் தாண்டி முன்னறைக்கு அலை வருவதற்குள் களைத்துவிடுகிறது. என் கணவர் பெங்களூரில் இருக்கும் மகனோடு வீடியோவில் பேசும் மாலைகளில், எனக்குத் தெரியாமல் போய்ப் பீரோக் கதவைத் திறந்து வைத்துவிடுகிறார். கதவு திறந்தால் சிக்னல் கூடுகிறதோ இல்லையோ, கால் மணி நேரத்தில் 64 என்பது 80 ஆகிவிடுகிறது.